கீமோ வீட்டுல ஒரு நோட்டு இருக்கணும்

முதல் கீமோ ஏத்தி அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததும் வர்றவங்க போறவங்க எல்லாரும் கேட்கிறது, "என்ன சாப்பாடு குடுக்கீங்க?"ங்கிறதுதான். தங்கச்சி, நீ அதுக்கு முன்னால ஆஸ்பத்திரியிலயே ஒண்ணு கேட்டு வெச்சுக்கோ: என்ன மருந்து ஏத்தினாங்க? கீமோன்னு ஒரே பேரைச் சொன்னாலும் ஒவ்வொருத்தர் நரம்புலயும் போறது வேற வேற மருந்து. 5-எஃப்.யூ. ஊசி ஏத்தும்போது வாயில ஐஸ் கட்டியைப் போட்டு உருட்டிக்கிட்டே இருந்தா வாய்ப்புண் குறையும்னு சில இடத்துல டாக்டரே சொல்வாங்க. ஆக்ஸாலிபிளாட்டின் போனவங்களுக்கோ ஃப்ரிட்ஜைத் தொட்டாலே விரல் சுரீர்ங்கும், குளிர்ந்த தண்ணி ஒரு மடக்கு போனாலே தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி இருக்கும். வயித்துப் புற்றுக்கும் குடல் புற்றுக்கும் இந்த ரெண்டையும் சேர்த்தே ஏத்துறது உண்டு. அப்போ ஐஸ் பக்கமே போகக்கூடாது. பக்கத்து வீட்டுல யாரோ சொன்ன வழி உங்க அம்மாவுக்குச் சரிப்பட்டு வராததுக்குக் காரணம் இதுதான்.

அதனால கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கு. முதல் பக்கத்துல டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து மருந்துப் பேரை எழுத்து மாறாம எழுது. புரியலைன்னா நர்ஸ் அக்காகிட்ட குடுத்து எழுதி வாங்கு, சங்கடப்படாத. சுகர், பிரஷர் மாத்திரை என்ன, எந்த மருந்து அலர்ஜி, ராத்திரி கூப்பிட்டா எடுக்கிற வார்டு நம்பர் எது, எல்லாம் அதே பக்கத்துல இருக்கட்டும். ரெண்டாம் பக்கத்துல இருந்து நாள் கணக்கு. மருந்து ஏறின நாள் ஒண்ணாம் நாள். நாளுக்கு ஒரு வரி போதும்: காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டாங்க, எத்தனை தடவை வாந்தி, வெளிக்குப் போனாங்களா, தூக்கம் எப்படி. எங்க அத்தைக்கு மார்புல கட்டி வந்து திருநெல்வேலிக்குப் போய்ப் போய் கீமோ ஏத்தினப்போ இந்த நோட்டுதான் வீட்டை நடத்துச்சு. ஒரு சைக்கிள், அதாவது ஒரு தடவை ஏத்தினதுல இருந்து அடுத்த தடவை வரைக்கும், முடிஞ்சதும் அதைப் புரட்டிப் பார்த்தா, எந்த நாள்ல வாந்தி, எந்த நாள்ல அசதி, எந்த நாள்ல வாய் எரிச்சல்னு வரிசையாத் தெரியும். அடுத்த சைக்கிள்லயும் பெரும்பாலும் அதே நாள்லதான் அது வரும். நீ முன்கூட்டியே தயாரா இருக்கலாம்.

ஏத்துற அன்னைக்கே கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. ஊசி குத்தின இடத்துல எரியுது, வீங்குதுன்னு அவங்க முனகினா "பொறுத்துக்கோங்க"ன்னு சொல்லாத. உடனே நர்ஸைக் கூப்பிடு. சில மருந்து நரம்பை விட்டு வெளிய கசிஞ்சா சதையையே புண்ணாக்கிடும்.

அட்ரியாமைசின், அதான் எல்லாரும் சிவப்பு மருந்துன்னு சொல்றது, ஏறினா ஒண்ணு ரெண்டு நாளைக்கு மூத்திரம் சிவப்பாப் போகும். அது மருந்தோட நிறம். முன்னாடியே சொல்லி வை, வயசானவங்க ரத்தம்னு நெனச்சு அரண்டு போயிடுவாங்க. அது கூடவே பெரும்பாலும் சைக்ளோபாஸ்பமைடு போகும். அது மூத்திரப்பையில தங்கினா உள்ள புண்ணாக்கும். அதனால தண்ணி நிறைய குடிக்க வை, அடக்காமப் போகச் சொல்லு, படுக்கப் போகுமுன்ன ஒரு தடவை கட்டாயம் போகட்டும். ரெண்டு நாள் தாண்டியும் சிவப்பாப் போச்சுன்னா அது வேற விஷயம், ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். ஏத்தினதுல இருந்து ரெண்டு நாளைக்கு, அதாவது 48 மணி நேரத்துக்கு, வாந்தி, மூத்திரம், மலம் எல்லாத்துலயும் மருந்து கொஞ்சம் வெளிய வரும். கழுவுறப்போ கையுறை போட்டுக்கோ, கக்கூஸ்ல ரெண்டு தடவை தண்ணி ஊத்து, அழுக்கான துணியைத் தனியாத் துவை. வீட்டுல மாசமா இருக்கிற பொண்ணு இருந்தா இந்த வேலை எதுவும் அவகிட்டப் போகவேண்டாம். தொட்டுப் பேசுறதுக்கும் பக்கத்துல உட்கார்றதுக்கும் ஒரு தடையும் இல்ல. அதையும் சேர்த்துச் சொல்லிடு, இல்லைன்னா பேரப்பிள்ளைகளைக் கிட்டவே விடமாட்டாங்க.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்தப்புறம் குடுக்கிறதுல பிரயோஜனம் ரொம்பக் குறைவு. டாக்டர் எத்தனை நாளைக்கு எழுதியிருக்காங்களோ அத்தனை நாளும், வாந்தி இருந்தாலும் இல்லாட்டாலும், மணி பார்த்துக் குடு. சிஸ்பிளாட்டின் மாதிரி மருந்துக்கு முதல் நாள் ஒண்ணும் இல்லாம இருந்துட்டு, ரெண்டாம் நாள்ல இருந்து அஞ்சாம் நாள் வரைக்கும் குமட்டும். மாத்திரை போட்டும் நிக்கலைன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கவேண்டாம். வேற மாத்திரை நிறைய இருக்கு, அடுத்த சைக்கிளுக்கு மாத்தித் தருவாங்க. அதுக்கு உன் நோட்டுதான் சாட்சி. வாந்தி மாத்திரையில சிலது மலத்தை இறுக்கிடும், அதுக்கும் ஒரு மாத்திரை கேட்டு வாங்கி வை. கூடவே குடுக்கிற டெக்ஸா மாத்திரை சுகரை ஏத்தும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். சுகர் உள்ளவங்களா இருந்தா அந்த நாட்கள்ல சுகர் பார்த்து எழுதி வை.

இப்போ சாப்பாட்டுக்கு வர்றேன். வாந்தி நாட்கள்ல அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சதைச் சமைச்சுக் குடுக்காத. இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. குமட்டல்ல சாப்பிட்ட சாப்பாடு மேல மனசுக்கு ஒரு வெறுப்பு ஏறிடும், அப்புறம் மாசக்கணக்குல அந்த வாசனையே ஆகாது. எங்க வீட்டுல சொதின்னா அத்தைக்கு உயிர். அதை மூணாம் வாரத்துக்குன்னு ஒதுக்கி வெச்சோம். முதல் வாரத்துல கேட்டாலும் பேச்சை மாத்திருவேன். முதல் வாரத்துக்கு ஒரு ஈடுபாடும் இல்லாத சாப்பாடுதான் நல்லது: ஆறின இட்லி, ரசஞ்சோறு, பாசிப்பருப்புக் கஞ்சி, ரொட்டி, பொரிகடலை. சூடாத் தூக்கிட்டு வந்தா ஆவியோட வாசனையும் வரும், குமட்டும், ஆறவிட்டுக் குடு. தட்டு நிறைய போடாம ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க ரெண்டு வாய். கருவாடு பொரிக்கிறது, வெங்காயம் தாளிக்கிறது எல்லாம் அவங்க தூங்குற நேரத்துல பின்வாசல் அடுப்புல வெச்சுக்கோ. எல்லாமே இரும்பை நக்கின மாதிரி இருக்குன்னு சொன்னா சில்வர் கரண்டியை எடுத்துட்டு மரக்கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ குடுத்துப் பாரு, சிலருக்குக் கேட்கும்.

நோட்டுல சிவப்பு மையில வட்டம் போட வேண்டிய நாட்கள் இனிமேதான். பெரும்பாலான மருந்துக்கு ஏழாம் நாள்ல இருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணு அடியோட குறையும். "கவுண்ட் இறங்கிட்டு"ன்னு நம்ம பக்கம் சொல்றது இதைத்தான். வாந்தி நின்னு முகம் தெளிஞ்சு, "நல்லா இருக்கேன்"னு எழுந்து நடமாட ஆரம்பிக்கிற அதே நேரத்துலதான் உடம்புக்குள்ள காவல் இல்லாம இருக்கும். இந்த நாட்கள்ல காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலே அது அவசரம். நெத்தியில கை வெச்சுப் பார்க்கிறது ஆகாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக் காலையிலயும் சாயங்காலமும் பாரு, குளிர் நடுங்கினா அப்பவும் பாரு. பாராசிட்டமால் குடுத்துட்டுக் காலையில பார்த்துக்கலாம்னு நினைக்காத. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், உள்ள கிருமி பரவிக்கிட்டே இருக்கும். உடம்பு வலின்னு மாத்திரை கேட்டாலும் முதல்ல காய்ச்சலைப் பார்த்து எழுதிட்டு, டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடு. பக்கத்துல கம்பவுண்டர்கிட்டப் போய் இடுப்புல ஒரு ஊசி போட்டுட்டு வர்ற பழக்கம் நம்ம ஊருல இன்னும் இருக்கு. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுவும் குறைஞ்சிருக்கிற நாட்கள்ல அந்த ஒரு குத்துலயே உள்ள ரத்தம் கட்டிக்கும். வேண்டவே வேண்டாம்.

நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிடு, இல்ல காரைப் பிடி. ஆஸ்பத்திரி வாசல்ல போனதும் சொல்ல வேண்டியதை இப்பவே நோட்டோட பின்னட்டையில எழுதி வை: "கீமோ போய்க்கிட்டு இருக்கு. இன்னைக்குப் பத்தாவது நாள். காய்ச்சல் 101. கவுண்ட் குறைஞ்சிருக்கலாம்." நாளையும் காய்ச்சலையும் மாத்திக்கோ, மத்ததெல்லாம் அப்படியே சொல்லு. எங்களை ஒரு ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கி வரிசையில உட்காரச் சொன்னாங்க. இந்த நாலு வரியைச் சத்தமாப் படிச்சதும் டாக்டர் எழுந்து வந்தார். ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் ஏத்த ஆரம்பிக்கணும், அதுதான் முறை. "காய்ச்சல் அடிக்குது"ன்னு மட்டும் சொன்னா ஊர்க் காய்ச்சலோட காய்ச்சலா வரிசையில வெச்சுருவாங்க.

கவுண்ட் ஏற ஊசி எழுதிக் குடுத்தா அது ஃப்ரிட்ஜ்ல, 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்க வேண்டியது. திருநெல்வேலியில வாங்கிப் பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு வரக்கூடாது. ஐஸ் பை போட்ட சின்னப் பெட்டியில, ஊசி ஐஸை நேராத் தொடாத மாதிரி துணி சுத்திக் கொண்டு வா; உறைஞ்சு போனாலும் வீண். போட்ட மறுநாள் இடுப்பு, தொடை எலும்பெல்லாம் குடையும். எலும்புக்குள்ள அணு ஊறுறதுனால வர்ற வலி அது, ரெண்டு மூணு நாள்ல அடங்கும்.

இந்தச் சிவப்பு வட்ட நாட்கள்ல நம்ம ஊர்ப் பழக்கம் சிலதைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வைக்கணும். பழைய சோறும் நீராகாரமும் வேண்டாம். மத்த நாள்ல அது நல்ல சாப்பாடுதான். ராத்திரி முழுக்க வெளிய கிடந்து புளிச்சது, காவல் இல்லாத உடம்புக்கு ஆகாது. பனையில இருந்து இறக்கின பதநீர், ரோட்டோர ஜூஸ், ஐஸ் போட்ட சர்பத், மதியம் அரைச்ச தேங்காய்ச் சட்னியை ராத்திரிக்குத் தொட்டுக்கிறது, எல்லாம் அதே கணக்கு. தாமிரபரணித் தண்ணின்னு நமக்கு ஒரு பெருமை உண்டு. இருந்தாலும் நல்லாக் கொதிக்க வெச்சு ஆறவெச்சுத்தான் குடுக்கணும். நவதிருப்பதி சேவிக்கப் போனவங்க தீர்த்தம் கொண்டு வந்து குடுத்தா தலையில தெளிச்சுக்கச் சொல்லு, உள்ளுக்கு வேண்டாம். அத்தை அதை மனசார ஏத்துக்கிட்டாங்க. பழம் சாப்பிடலாம். ஆத்தங்கரை முழுக்க வாழைதான் நமக்கு. கழுவி, நீயே தோலை உரிச்சுக் குடு. ஆரஞ்சு, மாதுளையும் அப்படித்தான். முட்டையை மஞ்சள்கரு கெட்டியாகுற வரைக்கும் அவி. தூத்துக்குடியில இருந்து வர்ற மீன் தாராளமா ஆகும், புதுசா இருக்கணும், நல்லா வெந்திருக்கணும், காரமும் புளியும் குறைச்சு. மீனைக் கழுவுற வேலை அவங்க கைக்குப் போகக்கூடாது, முள்ளு குத்தினா அதுவே போதும்.

மூணாம் வாரத்துல கவுண்ட் ஏறி வாய்க்கு ருசியும் திரும்பும்போது விட்டதைப் பிடி. முட்டை, மீன், பருப்பு, உளுந்தங்களி, தேங்காய்ப்பால் ஊத்தின இடியாப்பம், ஒதுக்கி வெச்ச அந்தச் சொதி. சுகர் இல்லாதவங்களா இருந்தா ரெண்டு தூத்துக்குடி மக்ரூனை வாயில கரையவிடச் சொல்லு. முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும்தான் அது, பல்லுக்கு வேலை இல்லாம உள்ள இறங்கும். எடை குறையாம இருந்தாத்தான் அடுத்த சைக்கிள் நாள் தள்ளாமப் போகும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில கால் டீஸ்பூன் ஆப்பசோடாவும் அதுல பாதி உப்பும் போட்டு, சாப்பிட்டதும் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லு. கடையில விக்கிற மவுத்வாஷ்ல பலதுல ஆல்கஹால் இருக்கும், எரியும். பிள்ளைங்க தேய்க்கிற மெல்லிசு பிரஷ் போதும். வெத்தலைப் பழக்கம் உள்ளவங்களை என்ன செய்யன்னு கேட்பே. ஆத்தூர் வெத்தலைக்குப் பக்கத்துலயே இருக்கோம், நம்ம பாட்டிமாரெல்லாம் இடிச்சுப் போட்டவங்கதான். ஆனா பாக்கே புற்றை உண்டாக்குறதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதியாச் சொல்லிடுச்சு. சுண்ணாம்பு புண்ணுல பட்டா துடிச்சுப் போவாங்க. இந்தச் சமயத்துல பாக்குவெட்டியை எடுத்து உள்ள வெச்சுடு.

வயித்தால போறது வழக்கத்தை விட நாலு தடவைக்கு மேல கூடினா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குச் சொல்லு. கேப்சிடபின் மாத்திரை வீட்டுலயே விழுங்குறவங்களா இருந்தா, அடுத்த வேளை மாத்திரையைப் போடுமுன்ன போன் பண்ணு; பெரும்பாலும் நிறுத்தச் சொல்வாங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதுல போட்டிருக்கிற அளவு தண்ணியில முழுசாக் கரைச்சுக் குடு, டம்ளருக்குக் கொஞ்சம்னு பிரிக்காத. கேப்சிடபின் மாத்திரைக்கு உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து உரியும்; சுடுதண்ணி, இறுக்கமான செருப்பு ரெண்டும் வேண்டாம். பாக்லிடாக்செல் போனவங்களுக்கு விரல் மரத்துப்போகும், சட்டைப் பொத்தானைப் போட முடியாம தடுமாறுவாங்க. "பழகிடும்"னு விடாம டாக்டர்கிட்டச் சொல்லு, மருந்தோட அளவைப் பார்த்துக் குறைப்பாங்க. அவங்க கையில சுடுசோறு வடிக்கிற வேலை, அரிவாள்மணை வேலை ரெண்டும் குடுக்காத.

முடி கொட்டுற மருந்தா இருந்தா ரெண்டு மூணு வாரத்துல கொட்டும். கொத்துக் கொத்தா வர்றதைத் தலையணையில பார்க்கிறதுதான் தாங்காது, அதனால முன்னாடியே கட்டையா வெட்டிடுறது நல்லது. மொட்டை அடிக்கணும்னா சவரக்கத்தி வேண்டாம், மெஷின் போதும். சின்னக் கீறல் கூட ஆகாது. தெருவுல கேட்கிறவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எங்க அத்தை ரெண்டு நாள் வெளிய வரல. அப்புறம் அவங்களே ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க: "திருச்செந்தூருக்கு நேர்ந்துக்கிட்டேன், முருகனுக்குக் குடுத்துட்டேன்." அதுக்கு மேல ஒருத்தரும் கேட்கல. வியாதியைச் சொல்லணுமா வேண்டாமாங்கிறது அவங்க உரிமை. வீட்டுல இருக்கிற நாம எல்லாரும் அதே பதிலைச் சொல்லணும்.

விசாரிக்க வர்றவங்களைத் தார்சாவுலயே, அதான் முன் தாழ்வாரத்துலயே, உட்கார வை. இருமல், சளி உள்ளவங்க வந்தா ஜன்னல் வழியாப் பேசட்டும், மனசு நோகாது. அம்மை போட்ட வீட்டுல இருந்து யாரும் வரக்கூடாது, இவங்களும் அங்க போகக்கூடாது. அக்கிக்கும் அதே விதி. தெரியாம நெருங்கிட்டா, கொப்புளம் வருதான்னு பார்த்துக்கிட்டு இருக்காம அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லணும், தடுக்க மருந்து உண்டு. வர்றவங்க ஆளுக்கொரு பொடியும் கஷாயமும் கொண்டு வருவாங்க. பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற சீமை நம்மது, சித்த மருந்தை நான் குறைச்சுச் சொல்லமாட்டேன். ஆனா கீமோ போய்க்கிட்டு இருக்கும்போது எந்தப் பொடியையும் கீமோ டாக்டர்கிட்டக் காட்டாம வாயில போடக்கூடாது. கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே மருந்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு.

காசு விஷயம். திருநெல்வேலி, தூத்துக்குடி ரெண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் புற்றுக்கு வைத்தியம் உண்டு. தனியார்ல பார்த்தாலும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷம் 5 லட்சம் வரைக்கும் கிடைக்கும். அந்த ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கான்னு சேருமுன்ன கேளு. நம்ம பக்கத்துல நிறைய பேர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கும், சென்னையில அடையாறுக்கும் போறாங்க. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சதுக்குப் பின்னால தன் தங்கச்சியைப் புற்றுக்குப் பறிகொடுத்த துக்கம் இருந்துச்சு. ஒரு அக்காவோட கண்ணீர் இன்னைக்கு வரைக்கும் எத்தனை வீட்டைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு பாரு. அவ்வளவு தூரம் ரயில்ல போறவங்களுக்கு, ஆஸ்பத்திரியில குடுக்கிற ரயில்வே சலுகைச் சான்றிதழைக் காட்டினா ஸ்லீப்பர்லயும் மூணாம் வகுப்பு ஏ.சி.யிலயும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. துணைக்குப் போறவங்களுக்கு 75 சதவீதம்.

எல்லாத்தையும் நீ ஒருத்தியே இழுத்துப்போட்டுக்காத. ரத்தம் குடுத்து ரிசல்ட் வாங்குறது தம்பி வேலை, ராத்திரித் துணை ஒருநாள் விட்டு ஒருநாள் மதினியோட வேலைன்னு நோட்டுலயே பேர் போட்டு எழுது. நோட்டு இருந்தா யார் கையில குடுத்தாலும் விட்ட இடத்துல இருந்து பார்த்துக்குவாங்க.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில சைக்கிள் விழுந்தா வானிலை அறிக்கையையும் சேர்த்துப் பாரு. 2023 டிசம்பர் 17, 18-ல என்ன ஆச்சுன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி கரை புரண்டு, செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் நம்ம பக்கத்து ஸ்டேஷன் ஒண்ணுலயே நின்னு, சுமார் 800 பேர் வெளிய போக வழியில்லாம கிடந்தாங்க. அப்படி ஒரு ராத்திரியில பத்தாம் நாள் காய்ச்சல் வந்தா 108-ம் வந்து சேராது. அதனால சிவப்பு வட்ட நாட்களும் கனமழை எச்சரிக்கையும் ஒண்ணா வந்தா, மழை ஆரம்பிக்குமுன்னயே ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ல, மேட்டுல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு. பையில பத்து நாள் மாத்திரை, தெர்மாமீட்டரும் அதுக்கு ஒரு பேட்டரியும், ஓ.ஆர்.எஸ்., காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு நகல், பிளாஸ்டிக் கவர்ல சுத்தின அந்த நோட்டு. முதல் பக்கத்தை உன் போன்லயும் தம்பி போன்லயும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.